'ஹை டிடக்டிபிள்' பிளானில் கையெழுத்துப் போடும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் ஆபீஸிலிருந்து 'ஓபன் என்ரோல்மென்ட்' மின்னஞ்சல் வந்து சேர்ந்திருக்கும். 2026-க்கான மருத்துவக் காப்பீட்டை இரண்டு மூன்று வாரத்துக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் கடைசி நாள் இரவு, போன வருடம் இருந்ததையே மறுபடியும் அழுத்திவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். மார்ச் மாதம் வரிக் கணக்குக்காக எங்கள் எதிரில் வந்து உட்காரும்போதுதான், "எச்.எஸ்.ஏ. என்கிறார்களே, நாங்களும் போட்டிருக்கலாமா?" என்று கேட்கிறார்கள். எச்.எஸ்.ஏ. என்பது 'ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்ட்', 'ஹை டிடக்டிபிள்' பிளான் எடுத்தவர்கள் தொடங்கக்கூடிய மருத்துவச் சேமிப்புக் கணக்கு. முடிந்துபோன வருடத்தின் பிளானை அப்போது மாற்ற முடியாது. அதனால்தான் இப்போதே எழுதுகிறோம்.

நாங்கள் காப்பீடு விற்பவர்கள் இல்லை. நீங்கள் எந்த பிளானை எடுத்தாலும் எங்களுக்கு கமிஷன் கிடையாது. அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசனில் வரிக் கணக்கு பார்க்கும் சின்ன அலுவலகம் இது. 'ஹை டிடக்டிபிள்' பிளானை எடுத்து நல்ல பலன் கண்ட குடும்பங்களையும், இதே பிளானால் வருடம் முழுக்கக் கஷ்டப்பட்ட குடும்பங்களையும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். பிரீமியத்தில் மிச்சமான பணத்தை எச்.எஸ்.ஏ.வில் போட்டு வைத்தார்களா, செலவழித்துவிட்டார்களா என்பதில்தான் பெரும்பாலும் வித்தியாசம் வருகிறது.

டிடக்டிபிள் என்பது, காப்பீட்டுக் கம்பெனி பணம் தர ஆரம்பிக்கும் முன் நீங்கள் கையிலிருந்து கட்டி முடிக்க வேண்டிய தொகை. 2026-இல் ஒரு பிளான் 'ஹை டிடக்டிபிள்' வகையில் சேர, அந்தத் தொகை தனி ஆளுக்குக் குறைந்தது 1,700 டாலர், குடும்பத்துக்கு 3,400 டாலர் இருக்க வேண்டும். மேல் வரம்பும் உண்டு. நெட்வொர்க்குக்குள், அதாவது காப்பீட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர், ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்தால், பிளானில் சேர்ந்த செலவுகளுக்கு வருடத்தில் உங்கள் கையிலிருந்து போவது தனி ஆளுக்கு 8,500, குடும்பத்துக்கு 17,000 டாலரைத் தாண்டக் கூடாது. வருடாந்திர உடல் பரிசோதனை, குழந்தைகளின் தடுப்பூசி போன்ற தடுப்பு மருத்துவத்துக்கு டிடக்டிபிள் கிடையாது. நெட்வொர்க் டாக்டரிடம் முதல் நாளிலிருந்தே இலவசம்தான். இது தெரியாமல் செக்கப்பைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்க்கும்போது எங்களுக்கு மனசு கேட்பதில்லை. தயவுசெய்து போய் வாருங்கள்.

எச்.எஸ்.ஏ. தொடங்க டிடக்டிபிள் அதிகமாக இருந்தால் மட்டும் போதாது. பிளான் விவரத்தில் 'எச்.எஸ்.ஏ. எலிஜிபிள்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தமாகத் தொழில் செய்து, அரசாங்கக் காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்பிளேஸில் காப்பீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜனவரி 1 முதல் அங்கே விற்கும் 'பிரான்ஸ்' (Bronze, வெண்கல வகை) பிளான்களும் எச்.எஸ்.ஏ.வுக்குத் தகுதி பெறுகின்றன.

சரி, எச்.எஸ்.ஏ.வுக்கு வருவோம். 2003 டிசம்பரில் வந்த சட்டத்தால் பிறந்த சேமிப்புக் கணக்கு இது. போடும் பணத்துக்கு வருமான வரி இல்லை, உள்ளே வளர்வதற்கு வரி இல்லை, மருத்துவச் செலவுக்கு எடுத்தாலும் வரி இல்லை. ஓய்வுக்காலச் சேமிப்பான 401-கே கணக்கில்கூட ஏதாவது ஒரு முனையில் வரி கட்டியாக வேண்டும். மூன்று முனையிலும் சலுகை தருவது எச்.எஸ்.ஏ.தான். 2026-இல் தனி ஆள் 4,400 டாலர், குடும்பத்துக்கான பிளான் என்றால் 8,750 டாலர் வரை போடலாம். 55 வயது ஆனவர்கள் கூடுதலாக 1,000 போடலாம். கம்பெனி போடுவதும் இந்த வரம்புக்குள்தான் வரும்.

முடிந்தவரை சம்பளத்திலிருந்தே பிடிக்கச் சொல்லுங்கள். அப்படிப் போனால் அரசாங்க ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டிக்கும், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கும் பிடிக்கும் 7.65 சதவீதமும் மிச்சம். நீங்களே வங்கியிலிருந்து போட்டால் வருமான வரி மட்டும்தான் குறையும். 22 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் சம்பளத்திலிருந்து 7,750 டாலர் போட்டால், இரண்டும் சேர்த்து சுமார் 2,300 டாலர் மிச்சமாகும்.

நியூ ஜெர்சிக்காரர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். நம் மாநிலமும் கலிஃபோர்னியாவும் எச்.எஸ்.ஏ.வுக்கு மாநில வரிச் சலுகை தருவதில்லை. வருடா வருடம் யாராவது ஒருவர் கம்பெனி தரும் வருடச் சம்பள விவரமான டபிள்யூ-2 படிவத்தைக் காட்டி, "1-ஆம் கட்டத்தில் ஒரு சம்பளம், 16-ஆம் கட்டத்தில் அதைவிட அதிகம், கம்பெனி தப்பாகப் போட்டுவிட்டது" என்பார். பெரும்பாலும் தப்பு இருக்காது. 16-ஆம் கட்டம் மாநில வரிக்கானது; எச்.எஸ்.ஏ.வுக்குப் போன பணத்தை மாநிலம் வருமானமாகவே எண்ணுகிறது. கணக்குக்குள் வரும் வட்டி, டிவிடெண்டுக்கும் மாநில வரி உண்டு. அதனால் அந்த ஸ்டேட்மென்ட்டையும் எங்களிடம் கொடுங்கள்.

இப்போது, எந்த பிளானை எடுப்பது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வழக்கமான பிளானுக்கு மாதம் 620 டாலர், டிடக்டிபிள் 1,000, வருடத்துக்குக் கையிலிருந்து போகும் உச்சம் 6,000. ஹை டிடக்டிபிள் பிளானுக்கு மாதம் 340, டிடக்டிபிள் 4,000, உச்சம் 8,000, எச்.எஸ்.ஏ.வில் கம்பெனி 1,000 டாலர் போடுகிறது. பிரீமியத்தில் மட்டும் வருடத்துக்கு 3,360 மிச்சம். பெரிய ஆபரேஷன் வந்து உச்சத்தைத் தொட்டாலும், முதல் பிளானில் மொத்தம் 13,440 போகும், இரண்டாவதில் கம்பெனி பணத்தைக் கழித்து 11,080. இப்படி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இரண்டாவதுதான். ஆனால் பிரீமிய வித்தியாசம் மாதம் 60 டாலர்தான், கம்பெனியும் ஒன்றும் போடுவதில்லை என்றால், வருடத்துக்கு 720 டாலருக்காக 3,000 டாலர் கூடுதல் டிடக்டிபிளைத் தலையில் ஏற்றிக்கொள்ளலாமா? மாதாமாதம் விலை கூடின மருந்து எடுப்பவர்களும், அடுத்த வருடம் பிரசவத்தை எதிர்பார்ப்பவர்களும் இந்தக் கணக்கைப் போடாமல் முடிவெடுக்காதீர்கள். கையில் டிடக்டிபிள் அளவுக்குச் சேமிப்பு இல்லாதவர்கள் முதல் வருடம் வழக்கமான பிளானிலேயே இருக்கலாம் என்பதுதான் எங்கள் கருத்து. செலவு ஜனவரியிலேயே வரலாம், எச்.எஸ்.ஏ.வில் பணம் சம்பளத்துக்குச் சம்பளம்தான் சேரும்.

அப்படி ஒரு ஜனவரி கதையைச் சொல்கிறோம். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகன் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. அர்ஜென்ட் கேரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை. மூன்று வாரம் கழித்து 640 டாலருக்கு பில் வந்தது. அந்த அம்மா பயந்துபோய் அன்றைக்கே கட்டிவிட்டார். பத்து நாள் கழித்துக் காப்பீட்டுக் கம்பெனியின் விளக்கத் தாள் வந்தது, ஈ.ஓ.பி. என்பார்களே, அது. நெட்வொர்க் விலைப்படி அவர் கட்ட வேண்டியது 385 டாலர்தான் என்று அதில் இருந்தது. மிச்சப் பணத்தைத் திரும்ப வாங்க எத்தனையோ போன் கால்கள். அதனால் பில் வந்த உடனே கட்டாதீர்கள். ஈ.ஓ.பி. வரட்டும், அதில் 'நோயாளி கட்ட வேண்டியது' என்ற வரியும் பில்லில் உள்ள தொகையும் ஒன்றாக இருந்தால் கட்டுங்கள். டிடக்டிபிள் முடியாவிட்டாலும் காப்பீட்டு அட்டையைக் காட்டத் தவறாதீர்கள். அந்தக் குறைந்த விலை உங்களுக்கு உரியது.

கணவன் மனைவி இருவரும் வேலை பார்க்கும் வீடுகளில்தான் தவறு அதிகம் நடக்கிறது. ஒரு தம்பதி இருவரும் அவரவர் கம்பெனியில் குடும்பத்துக்கான பிளான் எடுத்து, 2024-இல் ஆளுக்கு 8,300 டாலர் போட்டுவிட்டார்கள். குடும்பம் மொத்தத்துக்கும் சேர்த்தே 8,300 தான் வரம்பு. மார்ச்சில் நாங்கள் எச்.எஸ்.ஏ.வுக்கான 8889 வரிப் படிவம் போடும்போது பிடித்தோம். அதிகப் பணத்தையும் அதில் வந்த லாபத்தையும் ஏப்ரல் 15-க்குள் வெளியே எடுக்கவைத்தோம். விட்டிருந்தால் 6 சதவீத அபராதம், அதாவது 498 டாலர், எடுக்கும் வரை ஒவ்வொரு வருடமும்.

இன்னொன்று எஃப்.எஸ்.ஏ., அதாவது குறிப்பிட்ட செலவுகளுக்காக வரி இல்லாமல் பணம் ஒதுக்க ஆபீஸ் தரும் கணக்கு. கணவர் தன் ஆபீஸில் பொதுவான மருத்துவ எஃப்.எஸ்.ஏ. எடுத்தால், அது மனைவியின் செலவுக்கும் பொருந்துவதால், மனைவி எச்.எஸ்.ஏ.வில் பணம் போடத் தகுதி இழக்கிறார். பல், கண்ணுக்கு மட்டுமான 'லிமிடெட் பர்பஸ்' வகை என்றால் பிரச்சினை இல்லை. குழந்தையின் டேகேருக்கான எஃப்.எஸ்.ஏ.வுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அதைத் தாராளமாக எடுங்கள். 65 வயதை நெருங்குகிறவர்கள் மெடிகேரில் சேரும் முன் எங்களைக் கூப்பிடுங்கள். மெடிகேரின் ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பகுதியான பார்ட் ஏ ஆறு மாதம் வரை பின்தேதியிட்டுத் தொடங்கக்கூடும். அந்த மாதங்களுக்கு எச்.எஸ்.ஏ.வில் போட்டது அதிகப்படியாகிவிடும்.

வேலைக்குப் போகும் 23 வயதுப் பிள்ளை உங்கள் பிளானில் இருக்கிறாரா? 26 வயது வரை இருக்கலாம். ஆனால் வரிக் கணக்கில் அவர் உங்களைச் சார்ந்தவர் இல்லை என்றால், உங்கள் எச்.எஸ்.ஏ. பணத்தை அவர் செலவுக்கு எடுக்கக் கூடாது. அவரே தன் பெயரில் ஒரு எச்.எஸ்.ஏ. தொடங்கலாம், குடும்ப பிளானில் இருப்பதால் முழு 8,750-உம் அவர் போடலாம். பெற்றோர் பணத்தை அன்பளிப்பாகக் கொடுத்தால்கூடச் சரிதான்.

ஊருக்குப் போகும்போது செய்யும் வைத்தியத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். சென்னையில் ரூட் கெனால் செய்தால் எச்.எஸ்.ஏ.விலிருந்து எடுக்கலாமா? எடுக்கலாம். உங்களுக்கோ, கணவன் அல்லது மனைவிக்கோ, உங்களைச் சார்ந்த பிள்ளைக்கோ செய்த முறையான சிகிச்சை எந்த நாட்டில் நடந்தாலும் செல்லும். டாக்டர் எழுதிக்கொடுத்து, அங்கேயே வாங்கி அங்கேயே சாப்பிட்ட மருந்தும், இரண்டு நாட்டிலும் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதாக இருந்தால் செல்லும். பெட்டியில் போட்டு எடுத்து வந்த மருந்து செல்லாது. விடுமுறைக்குப் போன விமான டிக்கெட்டும், பல் வெண்மையாக்குவதும், உடம்புக்கு நல்லது என்று செய்துகொள்ளும் எண்ணெய் மசாஜும் சேராது.

ஊரில் இருக்கும் அம்மா அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுக்கலாமா என்று கேட்கும்போது பதில் சொல்லவே எங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். முடியாது. அமெரிக்கக் குடியுரிமையோ, அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோவில் வசிப்போ இல்லாத பெற்றோரை வரிச் சட்டம் உங்களைச் சார்ந்தவர்களாக ஏற்பதில்லை. நீங்கள்தான் அவர்களைத் தாங்குகிறீர்கள் என்றாலும் சட்டம் அப்படித்தான். அதையும் மீறி எடுத்தால் வருமான வரியோடு 20 சதவீத அபராதம் விழும். 65 வயதுக்குப் பிறகு அந்த அபராதம் இல்லை, வரி மட்டும்.

நிரந்தரமாக ஊர் திரும்பினாலும் கணக்கு உங்களுடையதுதான். புதிதாகப் பணம் போட முடியாது; இருப்பதை அங்கே நடக்கும் சிகிச்சைக்கு எடுத்தால் அமெரிக்க வருமான வரி இல்லை.

கடைசியாக, ரசீது. கணக்குத் தொடங்கிய பிறகு ஏற்பட்ட செலவு என்றால், அதற்கான பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், கெடு கிடையாது. இப்போது கைப்பணத்தில் கட்டிவிட்டு, எச்.எஸ்.ஏ.வை முதலீட்டில் வளரவிட்டு, பதினைந்து வருடம் கழித்து அந்த ரசீதைக் காட்டி எடுக்கலாம். ஆனால் ரசீது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். மருந்துக்கடை தரும் பளபளப்பான தாள் இரண்டு கோடையில் வெளுத்து வெறும் காகிதமாகிவிடும். அப்படி ஒரு கட்டை ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்தவரிடம் ஒன்றும் செய்ய முடியாமல் நின்றிருக்கிறோம். வாங்கிய அன்றே போனில் படம் எடுங்கள். ஊரில் வாங்கும் ரசீதில் நோயாளி பெயர், தேதி, என்ன சிகிச்சை, எவ்வளவு ரூபாய் என்று எழுதி வாங்குங்கள். அன்றைய டாலர் மதிப்பையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

அப்புறம், கணக்கில் வாரிசு பெயர் எழுதியிருக்கிறீர்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கணவனுக்கோ மனைவிக்கோ போனால் எச்.எஸ்.ஏ.வாகவே தொடரும், பிள்ளைகளுக்குப் போனால் அந்த வருடமே அவர்களுக்கு வருமானமாகிவிடும்.

உங்கள் ஆபீஸ் தந்த பிளான் ஒப்பீட்டுத் தாளையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வந்தால், மேலே போட்ட கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போட்டுத் தருகிறோம். அரை மணி நேரம் போதும், இதற்குக் கட்டணம் இல்லை. கணவன் மனைவி இருவரும் வேலை பார்த்தால் இரண்டு பேரின் தாளையும் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரிக் கணக்கு அலுவலகத்தார்
எடிசன், நியூ ஜெர்சி