எல்லாவற்றுக்கும் 316 என்று எழுதிவிடாதே

திங்கள்சந்தை
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் கேட்டதற்குச் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு படுத்தும் தூக்கம் வரவில்லை. மஸ்கட்டில் நீ வரைந்துகொண்டிருக்கிற மீன் பதனிடும் ஆலைக்கு, "எவர்சில்வர் வருகிற இடம் எல்லாவற்றுக்கும் 316 தரம் என்று எழுதிவிடுகிறேன் அப்பா, தொல்லை விட்டது" என்றாய் அல்லவா? அதற்குத்தான் சரி என்றேன். சொல்லியிருக்கக் கூடாது மக்களே. பாதி இடத்தில் அது வீண் செலவு, இன்னும் சில இடத்தில் அது போதாது.

நீ ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது முட்டம் பக்கம் கடலைப் பார்த்த ஒரு வீட்டு மாடிக்குக் கைப்பிடி செய்து கொடுத்தேன். நினைவிருக்கிறதா? குழாய் 304 தர எவர்சில்வர் என்று பில்லில் எழுதியிருந்தது. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அதோடு மனம் நிறைந்துவிட்டது. ஆனி ஆடிச் சாரல் ஒன்று கழிந்தது, வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால், மழை நேராக விழுகிற பக்கமெல்லாம் பளபளவென்று இருக்கிறது. சன்ஷேடுக்கு அடியில் இருந்த பகுதியும் குழாயின் அடிவயிறும்தான் தேயிலைச் சாயம் வழிந்ததுபோல் பழுத்துக் கிடந்தன. விரலை வைத்துத் தடவினேன், உப்பு பிசுபிசுத்தது. மழை கழுவிய இடம் பிழைத்தது. உப்பு வந்து உட்கார்ந்து, கழுவ ஆளில்லாத இடம் கெட்டது. நனைகிற இடம்தான் முதலில் துருப்பிடிக்கும் என்று அதுவரை நான் நம்பியிருந்தேன்.

மாங்கனீசு மிகுந்த சரக்கானால் சிவக்கிற சோதனைத் துளியை விட்டுப் பார்த்தேன், சிவந்தது. வந்தது 304 இல்லை, 202. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த சரக்கு. காந்தத்துக்கு 202ம் 304ம் ஒன்றுபோலத்தான், இரண்டிலும் ஒட்டாது. போதாததற்கு, வளைத்து நெளித்த நல்ல 304கூடக் காந்தத்தைக் கொஞ்சம் இழுக்கும். ஆகையால் காந்தத்தை நம்பி நீ எதையும் வாங்க விடாதே. கைக்காசு போட்டு எல்லாவற்றையும் 316 குழாயாக மாற்றிக் கொடுத்தேன். அந்த வருடம் பண்டிகைக்குப் புதுத் துணி ஏன் இல்லை என்று நீ முகத்தைத் தூக்கி வைத்திருந்தாயே, காரணம் அந்தக் கைப்பிடிதான். 316 போட்ட பிறகும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

எவர்சில்வர் என்று ஊரில் பெயர் வைத்துவிட்டதால் அது என்றைக்கும் வெள்ளிபோல் இருக்கும் என்று நினைக்கிறோம். 10.5 விழுக்காட்டுக்கு மேல் குரோமியம் இருந்தால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு தோல் படிகிறது, அதுதான் காவல். கீறினால் தானாக மூடிக்கொள்ளும். உப்பில் இருக்கிற குளோரைடு மட்டும் அந்தத் தோலை ஊசி குத்தியதுபோல் ஓர் இடத்தில் துளைத்து உள்ளே இறங்கும். 316இல் சேர்க்கிற 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் அந்தத் துளையைத் தடுக்கத்தான். நீங்கள் கணக்குப் போடுகிற துளை எதிர்ப்பு எண் (குரோமியம், அதோடு மாலிப்டினத்தின் 3.3 மடங்கு, நைட்ரஜனின் 16 மடங்கு) 304க்கு 18, 19 வரும், 316க்கு 24 அளவில் வரும், 2205 டூப்ளெக்ஸ் என்கிற இன்னும் உயர்ந்த தரத்துக்கு 35ஐத் தொடும்; எண் கூடக் கூடத் துளை விழுவது குறையும். ஆனால் அந்த எண்ணுக்குச் சூடு தெரியாது, இணைப்பில் வைக்கிற கேஸ்கெட்டுக்கு அடியில் தேங்கி நிற்கிற தண்ணீரும் தெரியாது.

உன் வரைபடத்துக்கு வருகிறேன். குளிர் அறையில் பெட்டி அடுக்கும் தட்டுகளுக்கு 304 தாராளம். மீன் வெட்டும் மேசை, தரை வடிகால், குளோரின் தண்ணீர் தெளித்துக் கழுவும் இடங்களுக்கு 316 நியாயம்தான், கழுவிய பின் நல்ல தண்ணீரால் அலசுவார்கள் என்றால்.

உப்புக் கரைசல் தொட்டிக்கு 316 போடாதே. உப்புத் தண்ணீர் இரவெல்லாம் அசையாமல் நிற்கும், அடியில் செதிலும் கசடும் படியும், அந்தக் கசடுக்குக் கீழேதான் குழி விழும். பாட்டி உப்பு மாங்காயை எவர்சில்வர் சம்படத்தில் வைக்கவே விடமாட்டாள், பீங்கான் பரணியில்தான் வைப்பாள். அம்மா ஒருமுறை பேச்சைக் கேட்காமல் சம்படத்தில் போட்டு வைத்தாள். அதன் அடியில் கடுகு கடுகாகப் புள்ளிகள், இன்றும் அடுக்களையில் கிடக்கிறது. உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் தொட்டி வை. உலோகம்தான் வேண்டும் என்று முதலாளி பிடிவாதம் பிடித்தால் 2205 கேள்.

வெந்நீர்த் தொட்டிதான் எனக்குப் பயம். 80 டிகிரி என்று போட்டிருக்கிறாய், வெளியே வெப்பக் காப்பும் சுற்றியிருக்கிறாய். கடற்காற்றின் உப்பு அந்தப் பஞ்சுக்குள் இறங்கி ஈரமானால் 304ம் 316ம் துருப்பிடித்து எச்சரிக்காது. மயிரிழை போன்ற வெடிப்பு விட்டு ஒரு நாள் ஒழுகும். ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல் இந்த ஆபத்து உண்டு. வெல்டு வைத்ததால் உள்ளேயே நிற்கிற இழுவிசை அதற்கு உதவி செய்யும். அந்தத் தொட்டிக்கு 2205 அல்லது 444 எழுது. 444இல் நிக்கல் கிடையாது என்றே சொல்லலாம், அதனால் இந்த வெடிப்புக்கு அது எளிதில் இடம் கொடுக்காது. வெந்நீர்த் தொட்டிகளுக்கென்றே பயன்படுகிற தரம் அது.

கடல்நீர் எடுக்கும் குழாய்க்கும் 316 என்று இருக்கிறது. குழாயோடு குழாயைப் போல்ட் போட்டு இணைக்கிற பிளேஞ்சு முகங்களில் ஒரு கோடை தாங்காது. 2205ஐவிட உயர்ந்த டூப்ளெக்ஸ் தரமான 2507 போடலாம், விலையைக் கேட்டால் முதலாளிக்கு வியர்க்கும். குளிர்ந்த தண்ணீர்தானே? எச்டிபிஇ குழாய் போட்டுவிடு. இரும்பு வேலை செய்து பிழைத்தவன் பிளாஸ்டிக் போடச் சொல்கிறானே என்று சிரிக்காதே.

வெல்டு வைக்கிற தகடெல்லாம் 316எல் என்று எழுது, வெறும் 316 வேண்டாம். கார்பன் 0.03 விழுக்காட்டுக்குள் நின்றால்தான் வெல்டுக்கு அருகில் குரோமியம் கார்பனோடு சேர்ந்து காணாமல் போகாது. சைட்டில் கைத்துப்பாக்கி போன்ற எக்ஸ்ரே கருவியால் சோதித்து 'எல்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. அந்தக் கருவி மாலிப்டினத்தைக் காட்டும், கார்பனைக் காட்டாது. ஆலைச் சான்றிதழில் உள்ள ஹீட் எண்ணை (எந்த உருக்கில் வந்த சரக்கு என்று சொல்கிற எண்) தகட்டில் அடித்திருக்கிற எண்ணோடு நீயே ஒத்துப் பார். சாதா இரும்பு தேய்த்த கிரைண்டர் கல்லும் கம்பி பிரஷும் இதன் பக்கம் வரக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடு. என் பட்டறையிலேயே பையன்கள் அந்தத் தவற்றைச் செய்து, 316இன் மேல் துரு பூத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. கரைசல் தொட்டியின் அடித்தகடு எந்தப் பக்கம் சரிகிறது, வடிகால் வாய் எங்கே என்று நீ அனுப்பிய படத்தில் தேடினேன், கண்ணாடி போட்டும் தெரியவில்லை. தட்டையாக விட்டிருந்தால் மாற்று. திருத்திய படத்தைப் பெரிய எழுத்தில் அனுப்பு.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள், அடுத்த வாரம் அங்கே வருகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
அப்பா