காப்பக அலமாரியில் ஏழு பாட்டில்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகனும் மருமகளும் வேலைக்குப் போவதால், இரண்டரை வயதுப் பேரனைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டு அழைத்து வருவது என் பொறுப்பு. சென்ற வாரம் அங்கே அலமாரியின் மேல்தட்டில் ஏழு ஆண்டிபயாடிக் சிரப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிக் குழந்தையின் பெயரை எழுதியிருந்தார்கள். வழிந்த மருந்தில் இரண்டு பெயர்கள் அழிந்தே போயிருந்தன. ஏழுக்கும் சேர்த்து மருந்து அளக்க ஒரே ஒரு மூடி.

சளியும் மூக்கொழுகலும் பெரும்பாலும் வைரசால் வருபவை. ஆண்டிபயாடிக் அவற்றை ஒன்றும் செய்யாது. ஆனால் மூக்கிலும் தொண்டையிலும் சாதுவாகக் குடியிருக்கும் நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களில், மருந்துக்கு மடியக்கூடியவை மடிய, மடியாதவை தங்கிப் பெருகுகின்றன. (நம் ஊர்க் குழந்தைகளின் மூக்கில் இந்தக் கிருமி குடியேறுவதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினரே ஆராய்ந்திருக்கிறார்கள்.) அடுத்தடுத்துப் படுத்துறங்கி, ஒரே பொம்மையை மாறி மாறிக் கடிக்கும் பிள்ளைகளிடையே அவை எளிதில் பரவும். ஒரு சொட்டு ஆண்டிபயாடிக் குடிக்காத குழந்தைக்கும் மருந்துக்கு அடங்காத கிருமி வந்து சேரும் என்பதுதான் இதில் அநியாயம்; அது காதிலோ நுரையீரலிலோ நோயாக இறங்கினால் வழக்கமான மருந்து கேட்காமல் போகலாம்.

பெற்றோரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 'மருந்து கொடுத்தீர்களா?' என்று காப்பக வாசலிலேயே கேட்கிறார்கள். பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள மருமகளுக்கு லீவு கிடைப்பதில்லை. ஆகவே போன மாதம் மிஞ்சிய பாட்டில் ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே வருகிறது. நீர் கலந்தபின் அந்தச் சிரப்பை எத்தனை நாளைக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது லேபிளிலேயே இருந்தும், நானும் அப்படிக் கொடுத்தவன்தான். மருந்து விதிகளில் 2014 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள, கூடுதல் கட்டுப்பாட்டுக்குரிய மருந்துகளின் எச்1 பட்டியலின்படி, செஃபிக்சிம் போன்ற ஆண்டிபயாடிக் மருந்துகளை விற்கும் கடைக்காரர் மருத்துவர், நோயாளி விவரங்களைப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் நான் வாங்கிய நாள்களில் அப்படியொரு பதிவேடு மேசைக்கு வந்ததே இல்லை.

மருத்துவர் சீட்டின் நகல் இல்லாமல் ஆண்டிபயாடிக் பாட்டிலைக் காப்பகங்கள் வாங்கி வைக்கக் கூடாது என்று வேலூர் மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும். சேர்க்கையின்போதே தடுப்பூசி அட்டையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டில் 6ஆம் வாரம், 14ஆம் வாரம், 9ஆம் மாதம் என இலவசமாகவே போடப்படுகிறது. குழந்தைக்கு எட்டும் உயரத்தில் குழாயும் சோப்பும் இருக்கின்றனவா என்றும் யாராவது நேரில் போய்ப் பார்க்கட்டும். என் பேரன் போகும் இடத்தில் கை கழுவும் தொட்டி என் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. ஆயா தூக்கிப் பிடித்தால்தான் அவனுக்குக் கை நனையும்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா,
சத்துவாச்சாரி, வேலூர்.