பயணப் பொம்மையின் படங்களோடு பாடம் முடிந்துவிடுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக் குழந்தைகள் ஒரு சிறு பொம்மையை ஜியோகேச்சிங் (ஒருவர் மறைத்துவைத்த பெட்டியை, அதன் இட அளவுகளைக் கொண்டு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு) ஆர்வலர்களின் கைகள் வழியே உலகம் சுற்ற அனுப்பி, அது சென்று சேரும் புகழ்பெற்ற இடங்களைப் பற்றிக் கற்றுக்கொள்ளும் முயற்சி குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். புவியியல் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் அம்முயற்சியை முழுமனத்துடன் வரவேற்கிறேன். ஆனால் ஈபிள் கோபுரத்தின் முன்னும் சுதந்திர தேவி சிலையின் முன்னும் பொம்மை நிற்கும் படங்களைக் கண்டு குழந்தைகள் வியந்தார்கள் என்பதோடு கட்டுரை நின்றுவிடுகிறது. அப்படங்களுக்குப் பின்னால் இருக்கும் எண்களை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை, அது ஓரிடத்திலும் குறிப்பிடவில்லை. இந்த விளையாட்டின் உயிர் அந்த எண்களில்தான் இருக்கிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

செயற்கைக்கோள்கள் வழியே இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் சமிக்ஞையில் பொதுமக்களுக்கென்று வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை ஏறத்தாழ 100 மீட்டர் வரை தவறிக் காட்டிய கருவிகள் அதன்பின் பத்து, இருபது மீட்டருக்குள் இடத்தைக் காட்டத் தொடங்கின. அடுத்த சில நாள்களிலேயே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்துவைத்து, அதன் இட அளவுகளை இணையத்தில் வெளியிட்டு, தேடிக் கண்டுபிடிக்குமாறு மற்றவர்களை அழைத்தார். ஜியோகேச்சிங் பிறந்தது அப்படித்தான். தனிக் குறியீட்டு எண் பொறித்த உலோகத் தகட்டைப் பொம்மையோடு இணைத்து, ஒரு பெட்டியில் எடுப்பவர் இன்னொரு பெட்டியில் வைத்துப் பதிவு செய்யும் 'டிராவல் பக்' முறை பிறகு வந்தது. இத்தகைய குறியீட்டைத் தாங்கிய ஒரு வில்லை, 2021இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய நாசாவின் பெர்செவரன்ஸ் ஊர்தியிலும் இருக்கிறது.

இனி எண்களுக்கு வருகிறேன். ஈபிள் கோபுரம் வடக்கு 48 பாகை 51 நிமிடத்திலும், சுதந்திர தேவி சிலை வடக்கு 40 பாகை 41 நிமிடத்திலும் இருக்கின்றன (இங்கே நிமிடம் என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு). ஒரு பாகை அட்சத்துக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்று அறிந்த குழந்தை, பொம்மை எவ்வளவு தெற்கே இறங்கியிருக்கிறது என்பதைத் தானே கணக்கிட்டுவிடும். தீர்க்கரேகைக்கும் அதே 111ஐப் பயன்படுத்தினால் விடை பெரிதும் தவறிவிடும், ஏனெனில் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்லத் தீர்க்கரேகைகள் நெருங்கிக்கொண்டே போகின்றன. பாரிஸ் இருக்கும் அட்சத்தில் ஒரு பாகைக்குச் சுமார் 73 கிலோமீட்டர்தான். தன் பொம்மை எவ்வளவு தூரம் போயிற்று என்று அறியும் ஆவலில் குழந்தை இதைக் கேட்கும்போது, பாடநூலில் எத்தனை முறை படித்தாலும் மனத்தில் தங்காத ஒன்று தங்கிவிடுகிறது. பாரிசிலிருந்து நியூயார்க்குக்கு உலக உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு நகரங்களுக்கும் வடக்கே ஏறி, நியூஃபவுண்ட்லாந்து தீவைக் கடந்து அந்த நூல் இறங்கும். தட்டையான வரைபடத்தில் நேராகத் தெரியும் கோடு மிகக் குறுகிய வழி அல்ல என்பதைக் குழந்தைகள் கண்ணால் காண்பார்கள். டிசம்பரில் சிட்னி ஓபரா மாளிகையின் முன் கோடை வெயிலில் பொம்மை நிற்பதற்கான விளக்கமும் தெற்கு 33 பாகை 51 நிமிடம் என்ற அளவில் இருக்கும் 'தெற்கு' என்ற குறியில் தொடங்குகிறது.

எண்கள் என்றால் வறட்சி என்று சிலர் அஞ்சலாம். உண்மையில் அவை இடங்களின் வரலாற்றை நோக்கியே நம்மை இழுத்துச் செல்கின்றன. இதற்கு லண்டனில் உள்ள கிரீனிச்சைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 1884இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு, கிரீனிச் வானாய்வகத்தின் தொலைநோக்கி வழியே செல்லும் கோட்டைச் சுழியத் தீர்க்கரேகையாக ஏற்றது. தரையில் பதிக்கப்பட்ட அந்தக் கோட்டின் இருபுறமும் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளாத பயணியர் அரிது. பொம்மையும் அங்கேதான் வைக்கப்படும். ஆனால் அந்த இடத்தில் ஜிபிஎஸ் கருவி சுழியத்தைக் காட்டாது. சுழியம் வேண்டுமென்றால் கிழக்கே சுமார் 102 மீட்டர் நடந்து, எந்த அடையாளமும் இல்லாத பூங்காப் பகுதிக்குப் போக வேண்டும். அக்காலத்து வானியலாளர்கள் தொலைநோக்கியைச் செங்குத்தாக நிறுத்தப் பாதரசப் பரப்பை நம்பினார்கள். அந்தந்த இடத்தின் ஈர்ப்பு விசை காட்டும் செங்குத்துத் திசை, புவியின் நிறை மையத்தை அடிப்படையாகக் கொண்ட இன்றைய அளவீட்டிலிருந்து சிறிது விலகியிருப்பதால் இந்த வேறுபாடு எழுகிறது. படத்தை மட்டும் பார்க்கும் குழந்தைக்கு இது ஒருபோதும் தெரியவராது. பதிவில் உள்ள எண்ணையும் படத்தையும் ஒப்பிடும் குழந்தையோ, "கோட்டின் மேல் நின்றும் ஏன் சுழியம் வரவில்லை?" என்று கேட்கும், அந்தக் கேள்விக்காக ஒரு வாரப் பாடவேளையையே ஒதுக்கலாம்.

இடங்களைத் தனித்தனியே பாராமல், பயணம் இணைத்துவைக்கும் வகையில் பார்க்கவும் ஆசிரியர்கள் முன்வர வேண்டும். பொம்மை பாரிசிலிருந்து நியூயார்க்குக்குப் போனால், 1886இல் திறக்கப்பட்ட சுதந்திர தேவியின் மெல்லிய செப்புத் தகடுகளை உள்ளிருந்து தாங்கும் இரும்புச் சட்டகத்தை உருவாக்கியது, 1889இல் பாரிஸ் கோபுரத்தை எழுப்பிய அதே ஈபிளின் நிறுவனம்தான் என்று சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு வராது.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் கூற வேண்டும். இணையத்தில் பதிவாவது பெரும்பாலும் பெட்டி மறைத்துவைக்கப்பட்ட இடத்தின் அளவுதானே தவிர, படம் எடுக்கப்பட்ட இடத்தின் அளவு அல்ல. புகழ்பெற்ற சின்னங்களிலேயே பெட்டி வைப்பதற்குப் பெரும்பாலும் இசைவு கிடைக்காததால், இரண்டுக்கும் இடையே நெடுந்தூரம் இருக்கலாம். ஆகவே பொம்மையோடு கட்டும் அட்டையில், "நீங்கள் படம் எடுத்த இடத்தில் உங்கள் கருவி காட்டும் அளவுகளையும் எழுதுங்கள்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். தகட்டின் குறியீட்டு எண் தெரியும்படி எந்தப் படத்தையும் பொதுவில் இடக் கூடாது. அந்த எண்ணை அறிந்த எவரும் பொம்மையைக் காணாமலேயே கண்டதாகப் பதிவு செய்துவிட முடியும். குழந்தைகளின் பெயர்களையோ படங்களையோ அட்டையில் சேர்க்கக் கூடாது. பொம்மையைப் பதிவு செய்யும் இணையக் கணக்கும் ஆசிரியரின் பொறுப்பில் இருக்க வேண்டும். பொம்மை தொலைந்துபோவது இவ்விளையாட்டில் அடிக்கடி நிகழ்வதே என்பதை அனுப்பும் நாளிலேயே குழந்தைகளிடம் சொல்லிவிடுவதும் நல்லது. பாதி வழியில் நின்றாலும் அதுவரை வந்த பதிவுகளைக் கொண்டு நான் மேலே சொன்ன கணக்குகள் அனைத்தையும் செய்ய முடியும்.

இம்முயற்சியைப் பற்றித் தாங்கள் மீண்டும் எழுதும்போது, பொம்மையின் படங்களோடு அது நின்ற இடங்களின் அளவுகளையும் சேர்த்து அச்சிடுமாறு அன்புடன் வேண்டுகிறேன். வாசிக்கும் குழந்தைகளும் தங்கள் உலக வரைபடத்தில் அவற்றைக் குறித்துப் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர் ஒருவர்