ஒரே கடல், நான்கு கரை, ஒரு படம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2002ல் வெளிவந்த ‘செப்டம்பர் 11’ தொகுப்புப் படத்தை அண்மையில் மறுபடி பார்த்தேன். 11 நாட்டு இயக்குநர்கள் 11 பேர். நியூயார்க் கோபுரங்கள் விழுந்த நாளைப் பற்றி ஆளுக்கு 11 நிமிடம், 9 விநாடி, 1 ஃபிரேம். நீளத்தில்தான் கட்டுப்பாடு, என்ன சொல்வது என்பது அவரவர் விருப்பம்.

எல்லாமே மனதில் நின்றன என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஈரானின் சமீரா மக்மல்பாஃப் எடுத்தது அப்படியே நிற்கிறது. ஆப்கான் அகதிப் பிள்ளைகள் செங்கல் அறுக்கிறார்கள். உலகத்தில் பெரிய சம்பவம் ஒன்று நடந்திருக்கிறது, தெரியுமா என்று ஆசிரியை கேட்கிறார். யாரோ கிணற்றில் விழுந்ததைத்தான் பிள்ளைகள் சொல்கிறார்கள். ஒரு நிமிடம் மௌனமாக இருங்கள் என்றால் முடியவில்லை. கடவுள் ஆளைக் கொல்வாரா என்று தங்களுக்குள் வாதாடுகிறார்கள். கோபுரம் என்றால் என்னவென்று காட்ட, கடைசியில் சூளையின் புகைபோக்கிக்கு அடியில் கூட்டிப்போய் நிறுத்துகிறார். பாலர் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் என்பதால் சொல்கிறேன், பிள்ளைகள் இப்படித்தான் பேசுவார்கள்.

பிரிட்டிஷ் இயக்குநர் கென் லோச்சின் பகுதியில், லண்டனில் வாழும் சிலி நாட்டு அகதி ஒருவர், 1973ல் அதே செப்டம்பர் 11 அன்று தன் நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததைக் கடிதமாக எழுதுகிறார். தேதி ஒன்றுதான், துக்கம் வேறு.

தமிழர்களுக்கும் அப்படி ஒரு நாள் உண்டு: 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம், முல்லைத்தீவு, பினாங்கு மூன்றிலும் கடல் ஏறி வந்தது. சிங்கப்பூரை அலை தொடவில்லை. ஆனால் நாகூர், காரைக்கால் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் இங்கே தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார்கள். நம் ஆயுதப் படையினர் உதவிக்கு இந்தோனேசியாவின் அச்சே வரை போனார்கள். இந்த நான்கு நாட்டுத் தமிழ் இயக்குநர்களும் ஆளுக்குக் கால் மணி நேரம் எடுத்தால் என்ன? முல்லைத்தீவுக்காரர் முல்லைத்தீவுப் பேச்சிலும் பினாங்குக்காரர் பினாங்குப் பேச்சிலுமே பேசட்டும். யாரும் அதைத் திருத்த வேண்டாம்.

இங்கே இது புதிதும் இல்லை. 2015ல் நாட்டின் பொன்விழாவுக்கு ஏழு உள்ளூர் இயக்குநர்கள் சேர்ந்து ‘7 லெட்டர்ஸ்’ எடுத்தார்கள். அதில் கே. ராஜகோபாலின் பகுதி ஓர் இந்தியக் குடும்பத்தின் கதை.

அப்புறம், ஏப்ரல்தோறும் தமிழ்மொழி விழா நடக்கிறது. அதற்கு ஆதரவளிக்கும் அமைப்புகள் இப்போதே நான்கு பேரை அழைத்துப் பேசினால் நன்றாக இருக்கும். ஆங்கிலம், மலாய், சீனத் துணைத்தலைப்புகளோடு திரையிட்டால் என் பள்ளிச் சக ஆசிரியைகளையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
பாலர் பள்ளித் தமிழாசிரியை,
ஈசூன்