திரும்பித் தைத்தால் நூல் எண் பாதியாகிவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் குவில்ட் (இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தொடரை வாராவாரம் வெட்டியெடுத்துக் கோப்பில் சேர்த்து வருகிறேன். போன வாரம் இறகு வடிவத்தை, அதாவது நடுவே ஒரு தண்டும் அதையொட்டி வரிசையாக மடல்களும் வரும் கோட்டு வடிவத்தை, மெஷினில் தைப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். படமும் அளவுகளும் நன்றாக இருந்தன. ஆனால் நூலைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: 40ஆம் எண் நூல் போதும், இன்னும் எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் 60 போடலாம் என்று. அந்த வரியைத் திருத்தச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.

நூல்கண்டில் ‘வெயிட்’ என்று போட்டிருக்கும் எண், எத்தனை கிலோமீட்டர் நூல் சேர்ந்தால் ஒரு கிலோ எடை வரும் என்பதைச் சொல்கிறது. 40 என்றால் 40 கிலோமீட்டர். 60 என்றால் அதே ஒரு கிலோவுக்கு 60 கிலோமீட்டர். நீளம் கூடினால் நூல் மெலிந்துதானே ஆக வேண்டும்? அதனால் எண் பெரிதாகப் பெரிதாக நூல் மெல்லியது. எடுப்பாகத் தெரியட்டும் என்று 60 வாங்குகிறவருக்கு, கோடு துணிக்குள் அமுங்கிப் போய்விடும்.

அது சின்ன நஷ்டம். இதையே மறுபக்கமாகப் புரிந்துகொண்டு, நுணுக்கமான வேலைக்கு எண் குறைந்த நூல்தான் சரி என்று ஒருவர் 28 வாங்கிவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். நான் வாங்கியிருக்கிறேன்.

பன்னிரண்டு வருடம் முன்பு நடந்தது. அதற்கு முன் இருபது வருடம் உடை தைத்த கை இது. ஆனால் குவில்ட்டுக்குப் புதிது. என் அண்ணன் மகளுக்காக, சாம்பல் நிறப் பருத்தித் துணியில், நடுவில் வட்டமாக ஓர் இறகு வளையம் வைத்து ஒரு போர்வை தொடங்கினேன். 28ஆம் எண் பருத்தி நூல், தந்த நிறம். முதல் நான்கு மடல்கள் பார்க்க அழகாகத்தான் இருந்தன. வளையம் முடிந்ததும் விரித்துக் காட்டினேன். அவள் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, “அத்தை, இந்த நடுக்கோடு மட்டும் ஏன் கயிறு மாதிரி இருக்கு?” என்று கேட்டாள்.

கயிறு மாதிரிதான் இருந்தது. ஒவ்வொரு மடலும் தண்டைத் தொடும் இடத்தில் நூல் முடிச்சுப்போட்டது போலக் கெட்டியாக நின்றது. மடலின் தலை மெல்லிய ஒற்றைக் கோடு. பக்கவாட்டில் வந்தால் தடித்த கோடு. அடியில் ஒரு கட்டி. பிரித்தேன். நான்கு நாள் ஆயிற்று. அந்தத் தடித்த நூலுக்காக 100ஆம் எண் ஊசி போட்டிருந்தேன். அது குத்திய துளைகள், நூல் போன பிறகும் வரிசையாகத் தெரிந்தன. தண்ணீர் தெளித்து நகத்தால் நீவிப் பார்த்ததில் பாதி மறைந்தன, மீதி இன்னும் இருக்கின்றன. அந்தப் போர்வையை அவள் இன்றும் பயன்படுத்துகிறாள். விளக்கு பக்கவாட்டில் எரியும்போது அந்தத் துளைகள் என் கண்ணில்தான் முதலில் படும்.

ஏன் அப்படி ஆயிற்று என்பது பிறகுதான் விளங்கியது. இறகு வடிவம் கைத்தையலில் வளர்ந்தது. இங்கிலாந்தின் வடக்கே டர்ஹாம், நார்தம்பர்லாந்து பகுதிகளின் முழுத்துணிப் போர்வைகளிலும், அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்துப் பெண்கள் செய்த போர்வைகளிலும் இறகு மாலைகளும் வளையங்களும் நிறைய உண்டு. கையால் தைப்பவர் ஒரு மடலை முடித்ததும், ஊசியை மேல் துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சுக்குள் நுழைத்து, அடுத்த மடல் தொடங்கும் இடத்தில் வெளியே எடுத்துக்கொள்ளலாம். வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் கைத்தையலில் எந்தக் கோடும் ஒற்றைக் கோடுதான்.

மெஷினுக்கு அந்த வழி கிடையாது. மடல்கள் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் இறகில் ஒரு மடலைத் தைத்துத் தண்டுக்கு இறங்கியாயிற்று. அடுத்த மடலுக்குப் போக வேண்டுமானால், வந்த கோட்டின் மேலேயே திரும்ப ஏறி, தலைக்குச் சற்றுக் கீழே பிரிந்து, புதிய மடலின் தலையை வளைத்து, மறுபடி தண்டுக்கு இறங்க வேண்டும். ஆகவே மடலின் தலையில் நூல் ஒரு தடவை. பக்கத்தில் இரண்டு தடவை. தண்டைத் தொடும் இடத்தில், தண்டின் கோட்டையும் சேர்த்தால் மூன்று, சில இடங்களில் நான்கு.

இப்போது அந்த எண் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். 50 வெயிட் நூல் ஒரு கிராமுக்கு 50 மீட்டர். அதே கோட்டில் இரண்டு தடவை போனால், அந்த ஒரு கிராம் 25 மீட்டர் கோட்டுக்குத்தான் வரும். அதாவது அந்த இடத்தில் நீங்கள் 25ஆம் எண் நூலில் தைத்ததற்குச் சமம். திரும்பித் தைத்தால் நூல் எண் பாதியாகிவிடும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. 40 போட்டவருக்குப் பக்கக்கோடு 20, தண்டருகே மூன்று தடவை விழுந்த இடத்தில் ஏறக்குறைய 13. நான் போட்ட 28, பக்கத்தில் 14 ஆகி, அடியில் பத்துக்கும் கீழே போயிருக்கிறது. கயிறு ஆகாமல் என்ன செய்யும்?

அதனால் இறகுக்கு நூல் எடுக்கும்போது, ஒற்றைக் கோடு எப்படி இருக்கும் என்று பார்க்காதீர்கள். இரட்டைக் கோடு எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, அந்த எண்ணை இரண்டால் பெருக்கி வாங்குங்கள். எனக்கு இரட்டைக் கோடு 40 அளவுக்குத் தெரிந்தால் பிடிக்கும். அதனால் 80 எடுக்கிறேன். படுக்கையில் விரித்து அடிக்கடி துவைக்கப்போகும் போர்வை என்றால் 50 பருத்தி நூலுக்கு இறங்கி வருவேன். சுவரில் தொங்கவிடுவதற்கும், மடல்கள் சுண்டுவிரல் அகலமே இருக்கும் நுணுக்கமான இறகுக்கும் 100ஆம் எண் பட்டு நூல். அதில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. திரும்பி வரும்போது கை பழைய கோட்டை விட்டு ஓர் இழை விலகினாலும் இரண்டும் ஒன்றாகவே தெரியும். தடித்த நூலில் அந்தச் சின்ன விலகலே இரண்டு தண்டவாளம் போலக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாந்து பணத்தை வீணாக்குவதையும் பார்க்கிறேன். 50 தடிமனாகத் தெரிகிறது என்று 60 வாங்குகிறார்கள், பெரிய மாற்றம் தெரியவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். எண் நான்கு மடங்கானால்தான் நூலின் விட்டம் பாதியாகும். 50லிருந்து 60க்குப் போனால் விட்டம் நூற்றில் ஒன்பது பங்குதான் குறையும், கண்ணுக்கு அது பிடிபடாது. மாற்றுவதென்றால் 80க்கோ 100க்கோ போய்விடுங்கள்.

சரி, எண்ணை மட்டும் பார்த்தால் போதுமா? போதாது. சில நூல்கண்டுகளில் 50/2 என்றும் 50/3 என்றும் இருக்கும். பின்னால் உள்ளது புரி எண்ணிக்கை. ஒரே அளவுப் புரியை இரண்டாக முறுக்கியதைவிட மூன்றாக முறுக்கியது தடிமன்தான். தொழிற்சாலைத் தையலுக்கு வரும் பாலியெஸ்டர் கண்டுகளில் டிக்கெட் எண் என்று வேறொன்று இருக்கிறது. அதில் 120 என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, 100ஆம் எண் பட்டைவிட இது மெல்லியது என்று நினைத்துவிடக் கூடாது. டிக்கெட் 120 நம் வெயிட் கணக்கில் 40ஐ ஒட்டித்தான் வரும். குழப்பமாக இருந்தால் கண்டில் ‘டெக்ஸ்’ என்று தேடுங்கள். ஆயிரம் மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் டெக்ஸ். வெயிட், டிக்கெட் எண்களுக்கு மாறாக, இதில் எண் பெரிதானால் நூல் தடிமன். டெக்ஸ் 25 என்றால் வெயிட் 40, டெக்ஸ் 20 என்றால் வெயிட் 50. 1000ஐ இந்த இரண்டு எண்களில் ஏதாவது ஒன்றால் வகுத்தால் மற்றது கிடைத்துவிடும். நான் இந்தச் சின்னப் பட்டியலை மெஷின் மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மெல்லிய நூல் அறுந்துவிடாதா என்று என்னிடம் கற்றுக்கொள்ள வருபவர்கள் கேட்காமல் இருப்பதில்லை. நெருக்கமாகத் தைத்த இறகில் ஒரே இழை எல்லா இழுப்பையும் தாங்குவதில்லை, அத்தனை கோடுகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. அப்படியே நூல் அறுந்தாலும் மறுபடி தைத்துக்கொள்ளலாம், தடித்த நூல் அறாமல் துணி கிழிந்தால் என்ன செய்வது? தைக்கும்போதே அறுகிறது என்றால் குற்றம் பெரும்பாலும் நூலில் இருக்காது. மேல்நூலின் டென்ஷனைத் தளர்த்துங்கள், ஊசியை மாற்றுங்கள்.

ஊசி எண்ணை நூலோடு சேர்த்தே சொல்ல வேண்டும். ஊசியில் 80 என்று இருந்தால் அதன் விட்டம் 0.8 மில்லிமீட்டர். 50 நூலுக்கு அது சரியாக இருக்கும். 80, 100 என்று மெலியும்போது ஊசியும் 70க்கு இறங்க வேண்டும், பட்டுக்கு 60 கூடப் போடுகிறேன். மெல்லிய நூலைத் தடித்த ஊசியில் கோத்தால் துளை பெரிதாகி நூல் அதில் தொளதொளவென்று கிடக்கும், கோடு நேராகவே தெரியாது. தடித்த நூல் போடுகிறவர்கள் 90 அல்லது 100 எடுக்க வேண்டும். அதிலும் காது பெரிதாக இருக்கும் டாப்ஸ்டிச் ஊசியாக எடுத்தால் நூல் உரசிப் பிசிறாது.

இவ்வளவு சொன்னதால் தடித்த நூலே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மடலுக்கும் அடுத்ததற்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு, எங்கேயும் கோட்டின் மேல் கோடு போகாமல் தைக்கும் இறகு வகை இருக்கிறது. எல்லாம் ஒற்றைக் கோடு. அதில் 28, 30 போட்டுப் பாருங்கள். கருநீலத் துணியில் வெளிர் நூல் நிமிர்ந்து நிற்கும். வடிவத்தைப் பார்த்து நூலை முடிவு செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன். நூலை வாங்கி வைத்துவிட்டு வடிவத்தை அதற்குள் திணிக்க முடியாது.

இறகைச் சுற்றி இருக்கும் வெற்றிடத்தை நிரப்பும் நெளிகோடுகளுக்கு, இறகின் நூலைவிட மெல்லியதை, துணியின் நிறத்திலேயே எடுங்கள். அந்த இடம் அமுங்கும்போது மடல்கள் தாமாகவே உப்பிக்கொண்டு மேலே வரும். உள்ளே கம்பளிப் பஞ்சு வைத்திருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று உங்கள் கட்டுரை சொன்னதற்கு உண்மையான வழி இதுதான்.

தைக்கத் தொடங்கும் முன் நான் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். போர்வைக்கு எடுத்த அதே துணி, அதே பஞ்சு, அதே அடித்துணி, ஒரு சாண் சதுரம். அதில் மூன்று சின்னத் தண்டுகள், ஒவ்வொன்றிலும் ஐந்து மடல்கள், ஒவ்வொன்றும் ஒரு நூல். பக்கத்திலேயே பேனாவால் நூல் எண், ஊசி எண், டென்ஷன் எண் எழுதிவிடுவேன். பிறகு திருப்பி அடிப்பக்கம் பார்ப்பேன். வளைவுகளில் மேல்நூல் கண்ணிமை மயிர் போலப் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிந்தால், வளைவில் கை மெஷினை முந்திப் போயிருக்கிறது, அல்லது டென்ஷன் சரியில்லை. அப்புறம் கட்டைவிரல் நகத்தைத் தண்டின் மேல் வைத்து மெதுவாக இழுப்பேன். நகம் தட்டித் தட்டிப் போனால் அந்த நூல் வேண்டாம். வழுக்கிப் போனால் அதுவே. கடைசியாகச் சுவரில் குத்திவைத்து நான்கு எட்டு பின்னால் வந்து பார்ப்பேன். பன்னிரண்டு வருடத்துச் சதுரங்களையும் ஒரு கம்பியில் கோத்து வைத்திருக்கிறேன். முதலாவது அந்தச் சாம்பல் துணியும் 28ஆம் எண் நூலும்தான்.

உங்களிடம் கேட்பது இரண்டு. போன வாரத்து வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள், ஏனென்றால் அதை வெட்டி வைத்தவர்கள் என்னைப் போலவே பலர் இருப்பார்கள். இனி வரும் ஒவ்வொரு வடிவத்தின் கீழும் துணி அளவு போடும் இடத்தில், நூல் எண், புரி, ஊசி எண் மூன்றையும் போடுங்கள். கூடவே, அந்த வடிவத்தில் ஊசி எந்தெந்தக் கோட்டில் இரண்டாவது தடவை போகிறது என்பதைப் படத்தில் வேறு நிறத்தில் காட்டினால், நூலை வாசகர்களே கணக்குப்போட்டு எடுத்துக்கொள்வார்கள். படம் வரைபவருக்கு உதவி வேண்டுமானால், தண்டிலிருந்து மடல் மடலாக அம்புக்குறி போட்ட ஒரு தாளை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி