ஆண்டறிக்கை: கழிமுக மீன் வாழிடங்களும் கட்டுரைத் தேடலும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டுப் பணிகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. புதிதாகச் சேர்ந்தவர்களில் மாணவர்களே அதிகம். கழிமுகக் கணக்கெடுப்பு வழக்கம்போல் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

சென்ற பொதுக்குழுவில் நிறைவேற்றிய தீர்மானத்துக்கு வருகிறேன். அலையாத்திக் காட்டிலும் கடற்புல் திட்டிலும் சேற்றுப் பரப்பிலும் நாம் எண்ணும் மீன்குஞ்சுகளைப் பற்றி ஏற்கெனவே என்னென்ன எழுதப்பட்டிருக்கிறது என்று ஆய்வுத் தரவுத்தளங்களில் தேட வேண்டும் என்பது அந்தத் தீர்மானம். அதற்கொரு துணைக்குழு அமைத்தோம். சந்தா இல்லாமல் உள்ளே விடுவார்களா என்பதுதான் பலருடைய முதல் சந்தேகம். பல்கலைக்கழகங்கள் பணம் கட்டிப் பயன்படுத்தும் தளங்களில் நமக்கு இடமில்லை, உண்மைதான். ஆனால் மீன் இனங்களைப் பற்றிய இணையத் தரவுத்தளமான ஃபிஷ்பேஸ் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. யுனெஸ்கோவின் கடலியல் ஆணையமும் நீரியல் நூலகர்களின் பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து நடத்தும் அக்வாடாக்ஸ் களஞ்சியமும் அப்படித்தான். இதழ்களில் வராத பழைய துறை அறிக்கைகள் அங்கே நிறையக் கிடைக்கின்றன.

உள்ளே போன பிறகுதான் உண்மையான சிக்கல்: மீன்களின் பெயர். கொடுவாவை 1790-இல் பிளாக் என்ற மீனியலாளர் விவரித்தபோது வைத்த பெயர் ஹோலோசென்ட்ரஸ் கால்காரிஃபர். இன்று அது லேட்டஸ் கால்காரிஃபர். உள்ளம் மீனின் பழைய பெயரான ஹில்சா இலிஷா இப்போது டெனுவாலோசா இலிஷா. மடவை இனத்தில் நேற்றுவரை லிசா என்று எழுதப்பட்ட பல மீன்கள் இன்று பிளானிலிசா. புதிய பெயரை மட்டும் தட்டினால் அண்மைக் கட்டுரைகள் வரும். பழையவை அப்படியே பதுங்கிக் கிடக்கும். ஃபிஷ்பேஸில் ஒவ்வொரு மீனுக்கும் பழைய பெயர்களின் பட்டியல் உண்டு. அதை எடுத்து, பெயர்களுக்கு நடுவே 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' (OR) போட்டுத் தேடுவதே இப்போது நம் வழக்கம். கழிமுகத்துக்கான ஆங்கிலச் சொல்லை 'எஸ்டுவர்' என்று வெட்டி நட்சத்திரக் குறி இட்டால், அந்த வசதியுள்ள தளங்களில் எஸ்டுவரி, எஸ்டுவரைன் இரண்டும் வந்துவிடும். இன்னொன்று: நீரியல் கட்டுரைச் சுருக்கங்களைத் தொகுக்கும் அஸ்ஃபா 1971-இல் தொடங்கியது. அதற்கு முந்தைய எழுத்துக்கு, ஸ்கேன் செய்த பழைய நூல்களை இலவசமாகத் தரும் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரிதான் நல்ல இடம்.

முழுக் கட்டுரை பூட்டியிருந்தால் கட்டுரையின் நிலையான அடையாள எண்ணான டிஓஐ-யை, இலவசப் படிகளைத் தேடித் தரும் அன்பேவால் என்ற சேவையில் போட்டுப் பார்த்தோம். சில நேரம் ஆசிரியரின் கைப்படி வேறெங்காவது இலவசமாக இருக்கும். அதுவும் இல்லையா, ஆய்வாளருக்கே மின்னஞ்சல். அவர்களில் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்பினார்கள். ஒரு பதிப்பகத்தின் உதவிப் பிரிவு மட்டும் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

தேடிக் கிடைத்தவற்றில் அதிகம் விவாதிக்கப்பட்டது, பெக் முதலானோர் 2001-இல் மீன் நாற்றங்கால், அதாவது குஞ்சுகளை வளர்த்தெடுக்கும் வாழிடம், பற்றி எழுதிய கட்டுரை. குஞ்சுகள் கூட்டமாக இருப்பதாலேயே ஓரிடம் நாற்றங்கால் ஆகிவிடாது என்கிறது அது. குஞ்சுகள் வளரும் மற்ற வாழிடங்களின் சராசரியைவிட, பரப்பளவு அலகுக்கு அதிக மீன்களை அந்த இடம் வளர்ந்த கூட்டத்துக்கு அனுப்ப வேண்டும். அடர்த்தி, வளர்ச்சி, பிழைப்பு, வளர்ந்த மீன்களின் வாழிடத்துக்கு இடம்பெயர்தல் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். கடைசியது கடினம். அதற்கு மீனின் செவிக்கல்லில் (உட்செவியில் வளரும் சிறு கல்லில்) ஸ்ட்ரான்சியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதத்தை அளப்பது ஒரு வழி. பொதுவாக நன்னீரில் இருந்த காலத்தில் அது குறைவாகவும் கடல்நீரில் இருந்த காலத்தில் கூடுதலாகவும் பதிவாகும். நம் கணக்கெடுப்பில் நாம் அளப்பது அந்த நான்கில் ஒன்றை மட்டும், அதாவது அடர்த்தியை. மூத்த உறுப்பினர்கள் சிலருக்கு இது கசந்தது. 'அப்போ இவ்வளவு நாள் எண்ணினதெல்லாம் வீணா?' என்று கேட்டார்கள். வீணில்லை, மற்ற மூன்றும் அதன்மேல்தான் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனாலும் சங்கத்தின் துண்டறிக்கைகளில் இனி 'நாற்றங்கால்' என்று எழுதாமல் 'குஞ்சுகள் அதிகம் காணப்படும் இடம்' என்று எழுதுவதெனச் செயற்குழு முடிவு செய்துள்ளது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும்.

சேகரித்த கட்டுரை விவரங்கள், மேற்கோள்களைச் சேமிக்கும் மென்பொருளான ஸோட்டெரோவில் உள்ளன. மீன், வாழிடம், வளர்பருவம், பிடித்த வலை என்று நான்கு குறிப்புச் சொற்கள் போட்டிருக்கிறோம். வலையை ஏன் சேர்த்தோம் என்று கேட்பவர்களுக்கு: கரைவலையில் பிடித்த எண்ணிக்கையையும் செவுள்வலையில் பிடித்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. எந்தச் சொல்லை எந்தத் தேதியில் தேடினோம் என்ற பதிவேடும் இருக்கிறது.

வரும் ஆண்டில் விலாங்கு, பால்மீன் இரண்டையும் எடுத்துக்கொள்ளத் திட்டம். துணைக்குழுவில் இருவர் படிப்புக்காக விலகுகிறார்கள். அவர்கள் இடத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்