அவனை இப்பவே மாற்றாதே

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கதைத்ததைக் கேட்டுவிட்டு, ரொறன்ரோவில் வேலையிடத்தில் யாரோ உன்னோடு கொளுவிவிட்டார்கள் என்றுதான் அப்பா நினைத்தார். அட்டையில் இருக்கிற ஒரு பேஸ்போல்காரனுக்கா அவ்வளவு ஏச்சு!

போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது விறாந்தையில் வைத்து இந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கை எனக்குப் பழக்கிவிட்டாய். 1961 இல் ஹால் ரிச்மன் என்பவர் கொண்டுவந்த பேஸ்போல் விளையாட்டு, உண்மையான ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை என்றாய். வெள்ளைத் தாயக்கட்டையில் 1, 2, 3 விழுந்தால் அடிப்பவனின் அட்டை. 4, 5, 6 விழுந்தால் எறிபவனின் அட்டை. மற்ற இரண்டு கட்டைகளின் கூட்டுத்தொகை அட்டையில் எந்த வரியைப் பார்ப்பது என்று சொல்லும். எனக்கு ஞாபகம் இருக்கிறது, உனக்குத்தான் மறந்துபோய்விட்டது போல.

இந்த முறை லீக் நடத்துபவர் அட்டைகளை யாருக்கும் காட்டாமல் முடிவை மட்டும் சொல்கிறார் என்றாய். உன் ஆள் 50 தடவை மட்டை பிடித்து 9 ஹிட், அதாவது அடித்துவிட்டு ஓடி பேஸைப் பிடித்தது ஒன்பதே தரம். அட்டை மோசம், மாற்றப் போகிறேன் என்கிறாய். கொஞ்சம் பொறு. அந்த 50 இல் ஏறக்குறையப் பாதி எறிபவனின் அட்டையில் முடிந்திருக்கும். மிச்சப் பாதியைத்தான் அவன் தலையில் கட்டலாம். .260 அடிக்கிறவன், அதாவது 100 க்கு 26 ஹிட், என்றே வைத்துக்கொள். 50 க்கு 13 ஹிட் வரவேண்டும், நியம விலகல், அதாவது வழக்கமாக அங்கே இங்கே விலகும் அளவு, 3 க்குச் சற்று மேலே. 10 இலிருந்து 16 வரை வந்தால் ஒன்றும் புதினமில்லை. 9 அதற்கு ஒன்றுதான் குறைவு. நான் இதைப் படிப்பித்த நாட்களில் நீ பின்வாங்கில் நித்திரை கொண்டிருந்தாய், சரி, அதை விடு.

ஒருநாள் மத்தியானம் கரண்ட் இல்லாத நேரம் இரண்டு கட்டைகளை 36 தடவை உருட்டிக் கொப்பியில் குறித்தேன். 12 ஒருதரம் வரவேண்டும், மூன்றுதரம் வந்தது. 7 ஆறுதரம் வரவேண்டும், நான்குதான் வந்தது. 12 இல் ஹோம் ரன் (மைதானத்துக்கு வெளியே போகும் அடி) உள்ள அட்டையாக இருந்திருந்தால் அவனை நீ தலையில் தூக்கி வைத்திருப்பாய். பிறகு 360 தடவை வரும்வரை உருட்டினேன். இடையில் அப்பா தேத்தண்ணி கேட்டு எண்ணிக்கையைக் குழப்பினார். ஆனாலும் கடைசியில் 7 உம் 12 உம் தங்கள் தங்கள் இடத்துக்கு வந்துவிட்டன.

ஆகவே ஹிட்டைக் கொஞ்சம் மறந்துவிட்டு ஸ்ட்ரைக் அவுட்டையும் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) வோக்கையும் (நான்கு பிழையான பந்து எறிந்ததால் சும்மா முதல் பேஸுக்குப் போவது) வடிவாக எண்ணு. ஹிட் விகிதத்தில் ஆளுக்காள் வித்தியாசம் குறைவு. ஸ்ட்ரைக் அவுட்டில் ஒருவன் மற்றவனை விட இரண்டு மூன்று மடங்கு கூடப் போவான். வித்தியாசம் பெரிதென்றால் கொஞ்ச ஆட்டத்திலேயே பிடிபடும். அட்டை உண்மையான சீசன் கணக்கிலிருந்துதானே செய்வது, அதையும் எடுத்துப் பார். அமெரிக்காவின் டென்வர் அணி ஆள் என்றால் மட்டும் கவனம். அங்கே கூர்ஸ் ஃபீல்ட் மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, காற்று அடர்த்தி குறைவு, பந்து தூரம் பறக்கும். அங்கே அடித்த அடியெல்லாம் அப்படியே அட்டையில் ஏறியிருக்கும் என்று நம்பாதே.

200 தடவை மட்டையாவது பிடிக்கட்டும், அதுவரை அவனை வைத்திரு. எண்ணிக்கையை வட்ஸ்அப்பில் அனுப்பு, நானும் பார்க்கிறேன். கட்டைகள் இரண்டும் லாச்சியில் பத்திரம். வெள்ளைக் கட்டையைத்தான் காணவில்லை, பூனையில்தான் சந்தேகம். வரும்போது ஒன்று கொண்டுவா.

அன்புடன்,
அம்மா